ரிமோட் டெஸ்க்டொப் முழுத்திரைக்குப் போனாலும் எக்ஸ்எஃப்சிஇ பனல் மேலேயே நிற்குது

பரந்தன்_சந்தி (கேள்வி)

வணக்கம். கிளிநொச்சிப் பக்கம் ஒரு நெல் ஆலையின்ர கணக்குப் பகுதி. பில் போடுற மென்பொருள் வவுனியாவில இருக்கிற வின்டோஸ் சேர்வர் 2019 இல ஓடுது. இங்கயிருந்து விபிஎன் வழியா ரிமோட் டெஸ்க்டொப்பில போய்த்தான் வேலை. இங்க இருக்கிற மெஷின்கள் லினக்ஸ் மின்ட் 22, எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டொப் இருக்கிற பதிப்பு. ஒரு லப்டொப்பில மட்டும் உபுண்டு 24.04, வழமையான க்னோம் டெஸ்க்டொப்.

டெஸ்க்டொப்பில இருக்கிற ஐகனுக்குள்ள இருக்கிற கட்டளை இதுதான், ஃப்ரீஆர்டிபி எண்ட ரிமோட் டெஸ்க்டொப் நிரல்:

எக்ஸ்ஃப்ரீஆர்டிபி3 /வி:சேர்வர் /யு:பெயர் /சைஸ்:1360எக்ஸ்768 -டெக்கரேஷன்ஸ்

மொனிற்றர் 1366எக்ஸ்768. பிரச்சினை என்னவெண்டால், கீழ இருக்கிற எக்ஸ்எஃப்சிஇ பனல் (லினக்ஸ் பக்கத்து டாஸ்க்பார்) வின்டோஸ் டாஸ்க்பாரை மூடிக்கொண்டு நிற்குது. பில் திரையின்ர கடைசி வரியிலதான் நிறையும் ஈரப்பதனும் போடுற பெட்டி இருக்கு, அது பாதி தெரியாது. ஆனா 1920எக்ஸ்1080 மொனிற்றர் இருக்கிற ஒரு மெஷினில இதே கட்டளை, அளவை மட்டும் 1920எக்ஸ்1080 எண்டு மாத்தினது, பிழையில்லாமல் முழுத்திரையா வருகுது.

ஆல்ட்+ரப் அடிச்சால் சில நேரம் வின்டோஸுக்குள்ள போகுது, சில நேரம் லினக்ஸ் ஜன்னல்கள் மாறுது. சுப்பர் கீ (வின்டோஸ் அடையாளம் இருக்கிற கீ) அடிச்சால் மின்ட் மெனு திறக்குது. கொன்ட்ரோல்+ஆல்ட்+என்ரர் அடிச்சு வெளியில வந்தால் ஜன்னலைப் பெருப்பிக்கவும் ஏலாமல் கிடக்கு. காசாளரின்ர மெஷினில இரண்டு மொனிற்றர், அதில இரண்டிலயும் விரிக்க வேணும். காலபோக நெல் வரத் தொடங்க முதல் சரிப்படுத்தினால் நல்லது. தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

இரணைமடு_லினக்ஸ்

விடை உங்கட கட்டளைக்குள்ளயே இருக்கு. அதில முழுத்திரை வேணும் எண்டு எங்கயும் கேட்கேல்லை. விளிம்பு இல்லாத ஒரு சாதாரண ஜன்னலை, திரை அளவுக்குக் கிட்ட வெட்டித் தரச் சொல்லித்தான் கேட்டிருக்கு. பார்வைக்கு முழுத்திரை மாதிரி இருக்கும். விண்டோ மனேஜருக்கு, அதாவது ஜன்னல்களை வைச்சு அடுக்கிற நிரலுக்கு, அது சாதாரண ஜன்னல்தான்.

எக்ஸ்11 இல (லினக்ஸில திரையை வரையிற பழைய முறை) நிரல்கள் வழமையாத் தங்கடபாட்டில முழுத்திரைக்குப் போறதில்லை. என்னை முழுத்திரையாக்கு எண்டு விண்டோ மனேஜரிட்ட கேட்கும், ஆக்கிறது மனேஜர். ஜன்னல்களை ஒண்டுக்கு மேல ஒண்டு அடுக்கிறதுக்கு ஈடபிள்யூஎம்எச் எண்ட பொது விதி ஒண்டு இருக்கு. ஆக அடியில டெஸ்க்டொப், அதுக்கு மேல சாதாரண ஜன்னல்கள், அதுக்கு மேல பனல் மாதிரி டொக் வகைகள், எல்லாத்துக்கும் மேல ஃபோக்கஸ் இருக்கிற முழுத்திரை ஜன்னல். உங்கட ஜன்னல் இரண்டாம் தட்டில நிற்குது, பனல் மூன்றாம் தட்டில. அதனால பனல் மூடுறது விதிப்படி சரியான நடத்தை.

1920 மெஷினில ஏன் சரியா வருகுது எண்டால், விளிம்பில்லாத ஜன்னல் ஒண்டு மொனிற்றர் அளவுக்கு அச்சொட்டாப் பொருந்தினால் உது முழுத்திரைதான் கேட்குது எண்டு சில விண்டோ மனேஜர்கள் தாங்களே ஊகிக்கும். பழைய நிரல்களுக்காக வைச்ச ஏற்பாடு. 1360 க்கும் 1366 க்கும் இடையில 6 பிக்சல் வித்தியாசம் இருக்கிறதால அந்த ஊகம் அங்க வேலை செய்யேல்லை. ஊகத்தை நம்பி ஒரு அலுவலகத்தை ஓட்டக்கூடாது. நேரடியாக் கேளுங்கோ:

எக்ஸ்ஃப்ரீஆர்டிபி3 /வி:சேர்வர் /யு:பெயர் /டி:பில் /எஃப் /டைனமிக்-ரெசொலூஷன்

ஆங்கிலச் சிற்றெழுத்தில, சாய்கோட்டுக்கும் சொல்லுக்கும் இடையில இடைவெளி விடாமல் அடியுங்கோ. சைஸ், டெக்கரேஷன்ஸ் இரண்டையும் எடுத்துவிடுங்கோ. கடவுச்சொல்லை ஐகனுக்குள்ள எழுதி வைக்க வேண்டாம், அந்த ஃபைலைத் திறக்கிற எவருக்கும் அது தெரியும்.

/டி எண்டது ஜன்னலுக்குப் பெயர் வைக்கிறது. பரிசோதிக்க வசதி. டெர்மினலில இதை ஓடவிட்டிட்டு 5 செக்கனுக்குள்ள ரிமோட் ஜன்னலுக்குப் போங்கோ:

ஸ்லீப் 5; எக்ஸ்ப்ரொப் -நேம் பில் _நெட்_டபிள்யூஎம்_ஸ்டேட் டபிள்யூஎம்_நோர்மல்_ஹின்ட்ஸ்

(அடிக்கோடு போட்ட இந்தப் பெயர்கள் மட்டும் ஆங்கிலப் பேரெழுத்தில.) முதல் வரியில ஃபுல்ஸ்கிரீன் எண்ட சொல் வந்தால் மனேஜர் கோரிக்கையை ஏற்றிட்டுது. வராட்டில் உங்களுக்குத் தெரியிறது போலி முழுத்திரை.

இரண்டாம் பகுதியில குறைந்தபட்ச அளவும் கூடியபட்ச அளவும் ஒரே எண்ணாக இருக்கோ எண்டு பாருங்கோ. வெளியில வந்தாப் பிறகு ஜன்னலைப் பெருப்பிக்க ஏலாததுக்குக் காரணம் அதுதான். டைனமிக்-ரெசொலூஷனோ (சேர்வரிட்ட புது அளவு கேட்கிறது) ஸ்மார்ட்-சைஸிங்கோ (படத்தை இங்கயே சுருக்கி விரிக்கிறது) இல்லாட்டில் ஃப்ரீஆர்டிபி அந்த இரண்டு எண்ணையும் சமனாக வைச்சிடும். அப்ப இந்த ஜன்னல் அளவு மாறாதது எண்டு நினைச்சு மனேஜர் பெருப்பிக்க விடாது.

பரந்தன்_சந்தி

நன்றி அண்ணா. மாத்திப் பார்த்தன். 1366 மெஷின்களில பனல் மறைஞ்சிட்டுது, ஈரப்பதன் பெட்டி முழுசாத் தெரியுது. எக்ஸ்ப்ரொப்பில ஃபுல்ஸ்கிரீன் வருகுது. பழைய கட்டளையில போட்டுப் பார்த்தால் குறைந்தபட்சம் 1360 ஆல் 768, கூடியபட்சமும் அதே எண் எண்டு காட்டிச்சு, நீங்கள் சொன்ன மாதிரியே.

ஒரு பழைய மெஷினில ஃப்ரீஆர்டிபி இல்லை, ஆர்டெஸ்க்டொப் எண்ட வேற ரிமோட் டெஸ்க்டொப் நிரல்தான் இருக்கு. அதில கழித்தல் எஃப் போட்டால் பனல் மறையுது, ஆனா மற்ற ஜன்னல் ஒண்டுக்கும் மாற ஏலாது. அதோட திரையின்ர வலது ஓரம் கொஞ்சம் வெட்டுப்பட்ட மாதிரி இருக்கு.

இரணைமடு_லினக்ஸ்

ஆர்டெஸ்க்டொப் விண்டோ மனேஜரிட்ட கேட்கிறதே இல்லை. ஓவர்ரைட்-ரீடைரெக்ட் எண்ட அடையாளத்தோட ஜன்னலைத் திறக்கும். அதுக்கு அர்த்தம், மனேஜர் இந்த ஜன்னலைத் தொடக்கூடாது எண்டது. மெனுக்களும் ரூல்ரிப் பெட்டிகளும் திறக்கிற வழி அது. மனேஜருக்குத் தெரியாத ஜன்னலை ஆல்ட்+ரப் பட்டியலில தேடிப் பிரயோசனமில்லை. கொன்ட்ரோல்+ஆல்ட்+என்ரர் அடிச்சு வெளியில வந்தால்தான் மற்ற ஜன்னலுக்குப் போகலாம்.

வலது ஓரம் வெட்டுப்படுறதுக்கு அகலம்தான் காரணம். ஆர்டெஸ்க்டொப் அகலத்தை நான்கால் வகுபடுற எண்ணுக்கு மேல்நோக்கித் திருத்தும். 1366 நான்கால் வகுபடாது, 1368 ஆகும். அந்த 2 பிக்சல் திரைக்கு வெளியில போகுது. அதின்ர கடைசி வெளியீடு 1.9.0, 2019 இல வந்தது. இனி அதில நேரம் செலவழிக்காமல் அந்த மெஷினிலயும் ஃப்ரீஆர்டிபி போடுங்கோ. மின்ட் 22 இல பொதியின்ர பெயர் ஃப்ரீஆர்டிபி3-எக்ஸ்11. மின்ட் 21 எண்டால் ஃப்ரீஆர்டிபி2-எக்ஸ்11, கட்டளையில 3 எண்ட எண் வராது.

இரண்டாம் பதிப்பில இருந்து மூன்றாவதுக்கு வரேக்க சில தெரிவுகளின்ர எழுத்து மாறினது. பழைய குறிப்புகளில இருக்கிற /செர்ட்-இக்னோர் இப்ப /செர்ட்:இக்னோர். /மொனிற்றர்-லிஸ்ட் இப்ப /லிஸ்ட்:மொனிற்றர்.

மாங்குளம்_ஏ9

டைனமிக்-ரெசொலூஷன் இல்லாமலே ஸ்மார்ட்-சைஸிங் போட்டால் போதுமே? சேர்வரைத் தொந்தரவு செய்யாமல் படத்தை இங்கயே சுருக்கி விரிக்கும். எல்லா மெஷினுக்கும் ஒரே கட்டளை.

இரணைமடு_லினக்ஸ்

தமிழில பில் அடிக்கிற இடத்துக்கு நான் அதைச் சொல்லமாட்டன். 1920 அகலப் படத்தை 1366 க்குள்ள சுருக்கினால் ஒவ்வொரு எழுத்தும் ஏறக்குறைய முக்கால் அளவாகுது. ஆங்கில எழுத்து அதைத் தாங்கும். தமிழில முதலில போறது புள்ளி. சின்ன எழுத்தில ‘க்’ உம் ‘க’ உம் ஒண்டாத் தெரியும், ‘ரி’ யின்ர சுழியும் ‘ரீ’ யின்ர சுழியும் கலங்கும். விவசாயியின்ர பெயரை அடையாள அட்டையோட ஒப்பிட்டுப் பார்க்கிற இடத்தில அது சரிவராது.

டைனமிக்-ரெசொலூஷன் சேர்வரிட்ட புது அளவைக் கேட்டு வாங்குது. வின்டோஸ் 8.1, சேர்வர் 2012 ஆர்2 தொடக்கம் அதுக்கு ஆதரவு இருக்கு. உங்கட 2019 க்குப் பிரச்சினையில்லை. வின்டோஸ் 7 க்குப் போற ஆக்களுக்குத்தான் ஸ்மார்ட்-சைஸிங் தவிர வழியில்லை. இரண்டையும் ஒரே கட்டளையில போட ஏலாது, ஒண்டைத்தான் தெரிவு செய்ய வேணும்.

மாங்குளம்_ஏ9

சரி, விளங்குது. படம், வரைபடம் மட்டும் பார்க்கிற ஆக்களுக்கு ஸ்மார்ட்-சைஸிங் போதும், எழுத்து வேலைக்கு வேண்டாம்.

கீபோட் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை, நான் சொல்லுறன். ஃப்ரீஆர்டிபி வழமையாக கீபோட்டை முழுசாப் பிடிச்சு வைச்சிருக்கும். ஆல்ட்+ரப், சுப்பர் எல்லாம் எக்ஸ்எஃப்சிஇ தனித்தனியா முன்கூட்டியே பதிஞ்சு வைச்ச கீக்கள். ஒரு நிரல் முழுக் கீபோட்டையும் பிடிச்சிட்டால் அந்தப் பதிவுகள் அந்த நேரத்துக்குச் செல்லாது, எல்லாம் வின்டோஸுக்குப் போகும். சில நேரம் போகுது சில நேரம் போகேல்லை எண்டால், பிடி சில நேரம் கிடைக்கேல்லை எண்டு அர்த்தம். இரண்டு காரணம் பாருங்கோ. மவுஸ் ரிமோட் ஜன்னலுக்குள்ள இல்லாமல் பனலிலயோ மற்ற மொனிற்றரிலயோ நிற்கிறது ஒண்டு. வேறொரு நிரல், திறந்தபடி விட்ட ஒரு மெனு மாதிரி, ஏற்கனவே கீபோட்டைப் பிடிச்சிருக்கிறது மற்றது. இரண்டுக்கும் மருந்து, திரை வந்த உடன உள்ளுக்க ஒருக்கா கிளிக் பண்ணுறது.

வெளியில வர, வலதுபக்கக் கொன்ட்ரோல் கீயைத் தட்டினால் பிடியை விடும். அதுக்குப் பிறகு ஆல்ட்+ரப் லினக்ஸுக்கு வரும். ஆல்ட்+எஃப்11 எக்ஸ்எஃப்சிஇ இன்ர முழுத்திரைக் கீ, அதையும் பிடியை விட்டாப் பிறகுதான் பாவிக்கலாம். உங்கட ஆக்களுக்கு வலது கொன்ட்ரோலை ஒரு ஸ்ரிக்கரில எழுதி மொனிற்றரில ஒட்டி விடுங்கோ. உள்ளுக்க மாட்டுப்பட்டுப் போய் பவர் பட்டனை அமத்துறது அதோட குறையும்.

தமிழ் தட்டச்சுக்கு இன்னொண்டு. லினக்ஸ் பக்கம் ஐபஸ் (தட்டச்சு மொழியை மாத்துற நிரல்) ஆங்கிலத்தில இருக்கட்டும், தமிழ் கீபோட் வின்டோஸ் பக்கம் மட்டும். ரிமோட் டெஸ்க்டொப் அனுப்பிறது எழுத்தை இல்லை, எந்தக் கீ அமத்தினது எண்ட எண்ணை. எழுத்தாக மாத்துறது சேர்வர். ரெங்கநாதன் எண்டாலும் பாமினி எண்டாலும் அங்க இருக்கிற அமைப்புத்தான் பேசும். இணைய முதல் இங்க கீபோட் தமிழில இருந்தால் அதைப் பார்த்து சேர்வரிலயும் வேற அமைப்பு ஏறி நிற்கும். கட்டாயப்படுத்த, மூன்றாம் பதிப்பில /கேபிடி:லேஅவுட்: எண்டு போட்டு அமெரிக்க ஆங்கிலத்தின்ர எண்ணான 0எக்ஸ்409 ஐச் சேருங்கோ.

வவுனியா_வடக்கு

உபுண்டு 24.04 லப்டொப்பைப் பற்றி எழுதுகிறேன். மேலே சொன்ன கீபோட் விளக்கம் எக்ஸ்11 க்கு மட்டுமே பொருந்தும். அந்த லப்டொப் பெரும்பாலும் எக்ஸ்11 க்குப் பதிலாக வந்த வேலண்டில் ஓடுகிறது. டெர்மினலில் எக்கோ $எக்ஸ்டிஜி_செஷன்_டைப் என்று கேட்டால் தெரிந்துவிடும் (டொலர் குறிக்குப் பின் பேரெழுத்து).

வேலண்டில் விண்டோ மனேஜரும் திரையை வரைகிற சேர்வரும் ஒன்றே. எக்ஸ்ஃப்ரீஆர்டிபி பழைய எக்ஸ்11 நிரல் என்பதால் எக்ஸ்வேலண்ட் என்ற இடைத்தட்டுக்குள் ஓடும். அது கேட்கும் கீபோட் பிடி அந்த இடைத்தட்டுக்குள் மட்டுமே செல்லும். சுப்பர் கீயை க்னோம் தானே எடுத்துக்கொள்ளும். முழுத்திரை வரும், கீக்கள் வராது.

அலுவலக வேலைக்கு நான் பரிந்துரைப்பது வேலண்டை விட்டு வெளியேறுவதுதான். உள்நுழையும் திரையில் பெயரைத் தெரிவு செய்தபின் வலது கீழ் மூலையில் ஒரு பற்சக்கரம் தெரியும். அதில் ‘உபுண்டு ஒன் க்ஸோர்க்’ என்பதை எடுங்கள், அது எக்ஸ்11 இல் ஓடும் தெரிவு. அடுத்த முறையிலிருந்து அதுவே நினைவில் இருக்கும். இந்தத் தெரிவு 24.04 இல் உண்டு, 25.10 இல் நீக்கப்பட்டுவிட்டது. எனவே அந்த லப்டொப்பை அவசரப்பட்டுப் புதிய பதிப்புக்கு ஏற்ற வேண்டாம்.

வேலண்டிலேயே இருக்க வேண்டும் என்றால் ரெம்மினா என்ற ரிமோட் டெஸ்க்டொப் நிரலைப் பயன்படுத்துங்கள். கருவிப்பட்டையில் கீபோட் முழுவதையும் பிடிக்கும் பொத்தான் உண்டு. முதல் முறை அதை அழுத்தும்போது, இந்த நிரல் குறுக்கு விசைகளைத் தடுக்க விரும்புகிறது, அனுமதிப்பதா என்று க்னோம் கேட்கும். அங்கே மறுத்துவிட்டால் அந்தப் பதில் சேமிக்கப்படும், பிறகு கேள்வியே வராது, பொத்தான் வேலை செய்யாததுபோல் தெரியும். அமைப்புகள், செயலிகள், ரெம்மினா என்று போய் குறுக்கு விசைகளைத் தடுக்கும் அனுமதியைத் திரும்ப இயக்க வேண்டும். பிடியிலிருந்து வெளியேற சுப்பர்+எஸ்கேப். ரெம்மினாவுக்குள் முழுத்திரைக்கு வலது கொன்ட்ரோல்+எஃப்.

ரெம்மினாவில் இணைப்பின் விவரத்தில் திரை அளவை நிலையாக எழுதி வைக்காமல், ஜன்னலின் அளவைப் பயன்படுத்தும் தெரிவை எடுங்கள். பிறகு கருவிப்பட்டையில் அளவை உடனுக்குடன் மாற்றும் பொத்தானை அழுத்துங்கள். அதற்குப் பக்கத்தில் இருப்பது படத்தைச் சுருக்கும் பொத்தான். இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால் பலர் மாற்றி அழுத்திவிட்டு எழுத்து மங்குகிறது என்பார்கள்.

பரந்தன்_சந்தி

லப்டொப் க்ஸோர்க்குக்கு மாத்தியாச்சு, சுப்பர் கீ இப்ப வின்டோஸ் மெனுவைத் திறக்குது. இனி இரண்டு மொனிற்றர் மெஷின்தான் மிச்சம். இடதுபக்கம் 1366எக்ஸ்768, வலதுபக்கம் 1920எக்ஸ்1080. /மல்ரிமொன் (எல்லா மொனிற்றரிலயும் விரிக்கிற தெரிவு) போட்டால் வலதுபக்கத் திரையிலதான் வின்டோஸ் டாஸ்க்பார் வேணும், அது இடதுபக்கத்தில வருகுது.

இரணைமடு_லினக்ஸ்

வின்டோஸ் எந்தத் திரையை முதன்மை எண்டு எடுக்குமெண்டால், லினக்ஸ் பக்கம் முதன்மை எண்டு குறிச்ச திரையை. எக்ஸ்எஃப்சிஇ இன்ர திரை அமைப்பில வலதுபக்க மொனிற்றரைத் தெரிவு செய்து முதன்மைத் திரை எண்ட பெட்டியில சரி போடுங்கோ. டெர்மினலில எண்டால் எக்ஸ்ராண்டர் --அவுட்புட் எச்டிஎம்ஐ-1 --ப்ரைமரி. உங்கட போர்ட்டின்ர பெயரை வெறும் எக்ஸ்ராண்டர் அடிச்சுப் பார்த்து மாத்துங்கோ.

பிறகு எக்ஸ்ஃப்ரீஆர்டிபி3 /லிஸ்ட்:மொனிற்றர் அடிச்சால் ஒவ்வொரு மொனிற்றருக்கும் எண்ணும் அளவும் இருக்கிற இடமும் வரும். முதன்மைக்கு நட்சத்திரக் குறி இருக்கும். அந்தக் குறி சரியான வரியில நிற்குதோ எண்டு பார்த்திட்டு:

எக்ஸ்ஃப்ரீஆர்டிபி3 /வி:சேர்வர் /யு:பெயர் /டி:பில் /எஃப் /மல்ரிமொன்

இரண்டு திரையும் திரை அமைப்பில ஒண்டோடொண்டு முட்டிக்கொண்டு இருக்க வேணும், இடையில இடைவெளி கூடாது. உயரம் 768 உம் 1080 உமா இருக்கிறதால மேல் விளிம்பைச் சமப்படுத்தி வையுங்கோ. கீழ மிஞ்சிற 312 பிக்சல் எந்தத் திரையிலயும் இல்லாத வெறும் இடம். சில பழைய மென்பொருள் தன்ர சின்னப் பெட்டியை அந்த வெறும் இடத்தில கொண்டுபோய்த் திறக்கும், அப்ப எல்லாம் இறுகிப்போன மாதிரித் தெரியும். ஆல்ட்+ஸ்பேஸ் அடிச்சு, எம் அடிச்சு, அம்புக்குறிக் கீயால அதை இழுத்து எடுக்கலாம். ஆல்ட்+ஸ்பேஸை எக்ஸ்எஃப்சிஇ உம் பாவிக்கிறதால, முதல் உள்ளுக்க கிளிக் பண்ணிப் பிடி இருக்கிறதை உறுதிப்படுத்துங்கோ.

ஒரு திரையில மட்டும்தான் விரியுது எண்டால், பல மொனிற்றரில விரிக்கிற கோரிக்கையை மனேஜர் ஏற்குதோ எண்டு பார்க்க வேணும்:

எக்ஸ்ப்ரொப் -ரூட் _நெட்_சப்போர்ட்டட்

வாற நீளமான பட்டியலில ஃபுல்ஸ்கிரீன்_மொனிற்றர்ஸ் எண்டு முடியிற பெயர் இருக்க வேணும். எக்ஸ்எஃப்சிஇ இல இருக்கும்.

மாங்குளம்_ஏ9

ஐ3 எண்ட விண்டோ மனேஜர் பாவிக்கிற ஆக்கள் வாசிச்சால்: அதில அந்தக் கோரிக்கையை நம்பாமல் அதின்ர சொந்தக் கட்டளையைப் பாவியுங்கோ. ஃபுல்ஸ்கிரீன் ரொகிள் எண்டால் ஒரு மொனிற்றர், பின்னால குளோபல் எண்டு சேர்த்தால் எல்லா மொனிற்றரும்.

காசாளருக்கு இரண்டிலயும் விரியிறது உண்மையில வேணுமோ எண்டும் யோசியுங்கோ. சின்ன மொனிற்றரில லினக்ஸை விட்டிட்டுப் பெரிசில மட்டும் வின்டோஸ் வேணுமெண்டால் மல்ரிமொன் தேவையில்லை. கொன்ட்ரோல்+ஆல்ட்+என்ரர் அடிச்சு வெளியில வந்து, ஜன்னலைப் பெரிய மொனிற்றருக்கு இழுத்து, திருப்பி அதையே அடியுங்கோ. ஜன்னல் எந்த மொனிற்றரில நிற்குதோ அதிலதான் மனேஜர் முழுத்திரையாக்கும். 4ஜி இணைப்பில ஓடுற கிளைக்கு ஒரு திரைதான் நல்லது, அனுப்ப வேண்டிய படம் குறையும். அங்க /நெட்வேர்க்:ஓட்டோ உம் +ஓட்டோ-ரீகனெக்ட் உம் சேருங்கோ. கரண்ட் போய் இணைப்பு அறுந்தாலும் சேர்வரில திறந்த பில் அப்பிடியே கிடக்கும், திருப்பி அதே பெயரில உள்நுழைஞ்சால் விட்ட இடத்தில நிற்கும்.

பரந்தன்_சந்தி

முதன்மைத் திரையை மாத்தின உடன டாஸ்க்பார் வலதுபக்கம் வந்திட்டுது. காசாளருக்கு இரண்டும் வேணுமாம், ஒண்டில தராசுப் பதிவு, மற்றதில பில். மேல் விளிம்பு சமப்படுத்தி வைச்சிருக்கு. 4ஜி இல ஓடுற முள்ளியவளைக் கிளைக்கு ஒரு திரையோட, கடைசியாச் சொன்ன இரண்டு தெரிவும் போட்டு அனுப்பிறன்.